காதில் விழுந்த ஊழலும் கையை விட்டுப் போன பணமும்

வாசகர் கேள்வி – பதில்

மத்திய அரசில் ஊழல் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அளக்கும் கணிப்புகள் குறித்து எழுதிக் கேட்கச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம். கணிப்பு நடத்துவதிலும் லஞ்ச வழக்குகளிலும் பழக்கம் உள்ளவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள்.

2024 ஊழல் பட்டியலில் இந்தியா 96-வது இடம் என்றார்கள். எங்கள் ஊரில் யாரிடமும் யாரும் வந்து கேட்கவில்லையே?
– காவேரிப்பட்டினம் வாசகர்

கேட்கவும் மாட்டார்கள். பெர்லினில் இருக்கும் டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் 1995 முதல் வெளியிட்டுவரும் அந்தப் பட்டியலுக்காக யாரும் வீடு வீடாகப் போவதில்லை. உலக வங்கி போன்ற அமைப்புகளும் நாடுகளின் தொழில் சூழலை ஆராயும் நிறுவனங்களும் ஏற்கெனவே போட்டுவைத்திருக்கும் 13 மதிப்பீடுகளில் ஒரு நாட்டுக்குக் கிடைப்பவற்றை எடுத்து, எல்லாவற்றையும் 0 முதல் 100 வரையிலான ஒரே அளவுக்கு மாற்றிச் சராசரி போடுகிறார்கள். குறைந்தது 3 மதிப்பீடாவது இருந்தால்தான் நாட்டின் பெயர் பட்டியலில் ஏறும். மார்க் போடுகிறவர்கள் வல்லுநர்களும் தொழில் நிர்வாகிகளும்தான். 100 என்றால் சுத்தம், 0 என்றால் படுமோசம்.

2024 பட்டியலில் இந்தியாவுக்கு 38 மார்க். 180 நாடுகளில் 96-வது இடம். முந்தைய ஆண்டு 39 மார்க், 93-வது இடம். 'மூன்று இடம் சறுக்கியது' என்று தலைப்புப் போட்டால் பேப்பர் விற்கும். ஒரு மார்க் வித்தியாசம் கணக்கின் பிழை எல்லைக்குள்ளேயே அடங்கிவிடும் என்பதை யாரும் தலைப்பாகப் போட மாட்டார்கள். இடத்தைப் பார்க்காதீர்கள், மார்க்கைப் பாருங்கள். அதையும் 2012-க்கு முன்னால் போய்ப் பார்க்காதீர்கள். அந்த ஆண்டு கணக்கிடும் முறையையே மாற்றிவிட்டார்கள். 2012-ல் 36. 2018-லும் 2019-லும் 41. பிறகு மெல்ல இறங்கி 2024-ல் 38. இடையில் தில்லியில் ஆட்சியே மாறியது, மார்க் 36-க்கும் 41-க்கும் நடுவில்தான் நின்றது. 'ஊழலை ஒழித்துவிட்டோம்' என்கிற கட்சிக்காரருக்கும் 'எல்லாம் குட்டிச்சுவர்' என்கிற கட்சிக்காரருக்கும் இந்த எண் கை கொடுக்காது.

100-க்கு 39 பேர் லஞ்சம் கொடுத்ததாக ஒரு கணிப்பு, 89 பேர் ஊழல் பெரிய பிரச்சினை என்றதாக இன்னொன்று. எது சரி?
– பாலக்கோடு வாசகர்

இரண்டும் ஒரே கணிப்பில் வந்தவை; இரண்டும் சரி. அதே டிரான்ஸ்பரன்சி நிறுவனம் 2020 நவம்பரில் ஆசியாவின் 17 நாடுகளில் பொதுமக்களிடம் கேட்டு வெளியிட்டது. இது வல்லுநர் கருத்து இல்லை, ஜனங்களிடமே கேட்டது. இந்தியாவில் 89% பேர் அரசில் ஊழல் பெரிய பிரச்சினை என்றார்கள். அது கருத்து. முந்தைய 12 மாதங்களில் போலீஸ், கோர்ட், ஆஸ்பத்திரி, பள்ளி, அடையாள ஆவணம், தண்ணீர் – மின்சாரம் போன்ற ஒரு சேவையைத் தேடிப் போனவர்களில் லஞ்சம் கொடுத்ததாகச் சொன்னவர்கள் 39%. அது அனுபவம். வகுக்கும் எண்ணே வேறு: முதலாவது எல்லாரையும் வைத்து, இரண்டாவது அந்த ஆண்டில் அலுவலகப் படி ஏறியவர்களை மட்டும் வைத்து. 46% பேர் ஆள் பிடித்துச் சிபாரிசில் காரியம் முடித்ததாகச் சொன்னதும் அதே கணிப்பில் இருக்கிறது. அதை யாரும் எடுத்துப் போடுவதில்லை.

அந்தச் சேவைகளின் வரிசையை இன்னொரு தடவை பாருங்கள். பெரும்பாலும் மாநில அரசின் கையில் இருப்பவை. எனவே 39% என்ற எண்ணைத் தூக்கி 'மத்திய அரசின் ஊழல்' என்று பேசுவது தப்பு. பணம் கையை விட்டுப் போவது தாலுகா ஆபீஸில். தில்லியைப் பற்றிய அபிப்பிராயம் உருவாவது டி.வி.யிலும் செல்போனிலும். இந்த இரண்டையும் பிரித்துக் கேட்காத கணிப்பு எதுவானாலும் அதை நம்ப நாங்கள் தயாராக இல்லை.

ஊழல் கூடிவிட்டது என்று பாதிப் பேருக்கு மேல் சொல்கிறார்கள், ஆனால் ஓட்டுப் போடும்போது அதைப் பார்ப்பதில்லையே. மக்கள் மறந்துவிடுகிறார்களா?
– பர்கூர் வாசகர்

மறதி என்று சொல்ல முடியாது. 2024 தேர்தலுக்கு முன் தில்லி ஆய்வு அமைப்பான லோக்நீதி – சி.எஸ்.டி.எஸ். நடத்திய கணிப்பில், ஐந்து ஆண்டுகளில் ஊழல் கூடியிருக்கிறது என்றவர்கள் 55%. 2019-ல் அதே கேள்விக்கு 40%. ஆனால் 'உங்கள் ஓட்டுக்கு முக்கியமான பிரச்சினை எது?' என்றபோது வேலையின்மை 27%, விலைவாசி 23%, ஊழல் 8%. முதல் கேள்வி எல்லாரிடமும் ஊழலைப் பற்றியே கேட்டது. இரண்டாவதில் ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல முடியும். ஓசூர் சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலையில் இருக்கும் மகனைப் பற்றிக் கவலைப்படும் அம்மா, அந்த ஒன்றாக எதைச் சொல்வார்?

தவிர, தில்லி ஊழல் பேச்சு எல்லா மாநிலத்திலும் ஒரே மாதிரி ஓட்டாக மாறுவதில்லை. 1987-ல் ஸ்வீடன் வானொலி போஃபர்ஸ் பீரங்கி பேரத்தில் கமிஷன் கை மாறியதாகச் செய்தி வெளியிட்டது. இங்கே பேசப்பட்ட தொகை 64 கோடி ரூபாய். 1989-ல் நாடு முழுக்க அது காங்கிரசைச் சாய்த்தது. தமிழ்நாட்டிலோ காங்கிரஸ் – அ.தி.மு.க. அணிக்கு 39-ல் 38 கிடைத்தது. கூட்டணிக் கணக்கு போஃபர்ஸைவிடப் பெரிதாக நின்றது. 2014-லும் 2ஜி அலைக்கற்றை, நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீட்டு ஊழல் என்று வடக்கே அலை அடித்தபோது, தமிழ்நாட்டில் பா.ஜ.க. அணிக்குக் கிடைத்த இரண்டே தொகுதிகளில் ஒன்று தருமபுரி. ஜெயித்தது பா.ம.க. அந்த வெற்றியில் ஊழல் எதிர்ப்புக்கு எவ்வளவு பங்கு, கட்சியின் உள்ளூர்ப் பலத்துக்கு எவ்வளவு பங்கு என்று தொகுதி அளவில் கேட்டுப் பார்க்காமல் சொல்வது ஜோசியம். ஓட்டுப் போடுவதில் இந்தப் பக்கத்து ஜனங்களுக்குச் சலிப்பு கிடையாது என்பது மட்டும் உறுதி: 2024-ல் தமிழ்நாட்டிலேயே அதிக வாக்குப்பதிவு தருமபுரியில்தான், 81.20%.

கல்லூரி புராஜெக்டுக்காக 'மத்திய அரசில் ஊழல்: தருமபுரி மாவட்ட மக்கள் கருத்து' என்று கணிப்பு நடத்த வேண்டும். 400 பேர் போதுமா? எப்படித் தேர்ந்தெடுப்பது?
– தருமபுரி மாணவி

பஸ் ஸ்டாண்டில் நின்று 400 பேரைப் பிடித்தால் அது பஸ் ஸ்டாண்டின் கருத்து. வாக்காளர் பட்டியலிலிருந்து ஆரம்பியுங்கள்.

மாவட்டத்தில் பாலக்கோடு, பென்னாகரம், தருமபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் என்று ஐந்து சட்டமன்றத் தொகுதிகள். தொகுதிக்கு 4 வாக்குச்சாவடிகளைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள், மொத்தம் 20. சாவடிக்கு 20 பேர், ஆக 400. ஒரு சாவடியில் 960 வாக்காளர்கள் என்று வையுங்கள். 960-ஐ 20-ஆல் வகுத்தால் 48. ஒன்றிலிருந்து 48-க்குள் ஒரு சீட்டு எடுங்கள். 17 வந்தால் பட்டியலில் 17-வது பெயர், பிறகு 65, 113, 161 என்று 48, 48-ஆகக் கூட்டிக்கொண்டே போனால் இருபதாவது ஆள் 929-ல் வருவார். யாரைப் பார்ப்பது என்பதில் உங்கள் விருப்பத்துக்கு இடமே இருக்கக் கூடாது.

இந்த மாவட்டத்தில் இது எங்கே உதைக்கும் என்று தெரியுமா? பட்டியலில் பேர் இருக்கும், ஆள் பெங்களூரிலோ திருப்பூரிலோ இருப்பார். பகலில் போனால் வயதானவர்களும் பெண்களும்தான் வீட்டில். 'அவர் இல்லை, பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டுக்கொள்ளலாம்' என்று மாற்றினீர்களோ, வெளியூர் வேலைக்குப் போகும் வாலிபர்களின் கருத்து மொத்தமாகக் காணாமல் போய்விடும். முதலிலேயே 30 பேராக எடுங்கள் (960 ÷ 30 = 32 இடைவெளி); ஞாயிற்றுக்கிழமையும் மாலையும் திரும்பப் போங்கள்; முடிந்தால் பொங்கலை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் கிடைக்கவில்லை என்பதை அறிக்கையில் எழுதுங்கள். வத்தல்மலை, சித்தேரி பக்கம் சீட்டு விழுந்தால் பஸ் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். மலையைக் கழித்துவிட்டு 'மாவட்டம்' என்று தலைப்பு வைக்க முடியாது.

ஊர்ப் பெரியவரோ வார்டு மெம்பரோ 'வாம்மா, நானே கூட்டிப் போறேன்' என்பார். அன்புதான், நாசூக்காக மறுத்துவிடுங்கள். அவர் பக்கத்தில் நின்றால் ஊழலே இல்லாத ராமராஜ்ஜியம் உங்கள் தாளில் பதிவாகும். பெண் வாக்காளரிடம் கேட்கும்போது கணவர் உள்ளிருந்து பதில் சொல்வது இன்னொரு தொல்லை. இரண்டு பேராகப் போய், ஒருவர் அவரைத் திண்ணையில் பேச்சில் பிடித்துவையுங்கள்.

கேள்வித்தாளில் கவனிக்க வேண்டியது வரிசை. 'பட்டா மாற்ற எவ்வளவு கொடுத்தீர்கள்?' என்று ஆரம்பித்துவிட்டு, அடுத்ததாக 'மத்திய அரசில் ஊழல் கூடியதா?' என்றால் தாலுகா ஆபீஸ் மேல் உள்ள கோபம் தில்லி தலையில் விழும். பொதுவான கேள்வி முதலில், சொந்த அனுபவம் பிறகு. 200 தாளில் ஒரு வரிசை, மீதி 200-ல் தலைகீழ் வரிசை என்று அச்சடித்துப் பாருங்கள். இரண்டுக்கும் வரும் வித்தியாசமே உங்கள் புராஜெக்டின் நல்ல அத்தியாயமாகிவிடும். பிரதமர் பெயரையோ கட்சிப் பெயரையோ கேள்வியில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் ஊழலைப் பற்றிக் கேட்டது போய்க் கட்சி விசுவாசத்தைப் பற்றிக் கேட்டதாகிவிடும். யாருக்கு ஓட்டு என்று கேட்டே ஆக வேண்டுமென்றால் மாதிரி வாக்குச்சீட்டு கொடுத்து, மடித்துப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். அனுபவக் கேள்வியில் காலமும் இடமும் இருக்க வேண்டும்: 'போன 12 மாதத்தில், உங்கள் வீட்டில் யாராவது, எந்த ஆபீஸில், எந்த வேலைக்கு.' இந்த நான்கும் இல்லாவிட்டால் பத்து வருஷத்துக்கு முந்தைய ரேஷன் கார்டு கதையெல்லாம் வந்து சேரும். 'தெரியாது' என்ற பதிலைத் தூக்கி எறியாதீர்கள். தில்லி விஷயத்தில் அது நிறையவே வரும், வயதான பெண்களிடம் இன்னும் அதிகம். அதுவும் ஒரு முடிவுதான்.

பிழை எல்லை: 400 பேரை மாவட்டம் முழுக்கச் சிதறலாக எடுத்தால் கூடக்குறைய 5 சதவீதப் புள்ளி. நீங்கள் ஒரே சாவடியில் இருபது இருபதாக எடுக்கிறீர்கள்; ஒரே தெருக்காரர்கள் ஒரே மாதிரி பேசுவார்கள். அதனால் 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். 52-க்கு 47 என்று முடிவு வந்தால் 'பெரும்பான்மையோர்' என்று எழுதாதீர்கள்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் பாதி வீடுகளில் தெலுங்கு அல்லது கன்னடம். தமிழ்த் தாளை வைத்துக்கொண்டு அங்கங்கே மொழிபெயர்த்துக் கேட்டால் போதாதா?
– ஓசூர் வாசகர்

போதாது. பத்துப் பேர் பத்து விதமாகக் கேட்பார்கள். தெலுங்கிலும் கன்னடத்திலும் முன்கூட்டியே அச்சடியுங்கள், உருதுவும் தேவைப்படலாம். எழுதியதை வேறொருவரிடம் கொடுத்துத் திரும்பத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். மூலத்தோடு ஒட்டவில்லை என்றால் திருத்துங்கள்.

'ஓட்டுக்குப் பணம் வாங்கினீர்களா, லஞ்சம் கொடுத்தீர்களா' என்று நேராகக் கேட்டால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இதற்கு ஏதாவது உபாயம் உண்டா?
– பென்னாகரம் வாசகர்

உண்டு. ஒரு ரூபாய் நாணயம் போதும். பதில் சொல்கிறவர் உங்களுக்குத் தெரியாமல் சுண்டிப் பார்க்க வேண்டும். தலை விழுந்தால் உண்மை எதுவானாலும் 'ஆமாம்' என்று சொல்ல வேண்டும். பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். ஒருவர் 'ஆமாம்' என்றால் அது நாணயத்தாலா, நிஜமாகவா என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் பயமில்லை.

கணக்கு இப்படி. 400 பேரில் 250 பேர் 'ஆமாம்' என்றார்கள். தலை விழுந்தே சொன்னவர்கள் பாதி, அதாவது சுமார் 200. மீதி 50 பேர் பூ விழுந்த 200 பேரிலிருந்து வந்தவர்கள். 200-ல் 50 என்றால் 25%. இதற்கு ஒரு விலை உண்டு: பிழை எல்லை ஏறக்குறைய இரட்டிப்பாகி, 25% என்பது 15-க்கும் 35-க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம் என்றாகும். 400 பேரை வைத்துக்கொண்டு இதற்கு மேல் துல்லியம் கிடைக்காது.

இது கெட்டுப்போவது எங்கே என்றால், பத்துப் பைசா வாங்காத மனிதருக்குத் தலை விழும். 'நான் வாங்காததை வாங்கினேன்னு எதுக்குச் சொல்லணும்?' என்று 'இல்லை' என்பார். இப்படி நிறையப் பேர் செய்தால் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். அதனால் முதலில் 'நேற்று காபி குடித்தீர்களா' போன்ற அப்பாவிக் கேள்வியில் ஒரு தடவை பழக்கிக் காட்டுங்கள்.

ஓட்டுக்குப் பணம் கொடுப்பது மட்டுமில்லை, வாங்குவதும் குற்றம். 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தலையே பணப் பட்டுவாடாவுக்காக ரத்து செய்தார்கள். ஆகவே தாளில் பேர், செல் நம்பர் எதையும் எழுதி வாங்காதீர்கள்.

யூடியூப் சேனல் ஒன்றில் ஒரு லட்சம் பேர் வாக்களித்து 91% ஊழல் அரசு என்று முடிவு வந்ததாம். ஒரு லட்சம் பேர் என்றால் 400-ஐவிட நம்பகம்தானே?
– ஊத்தங்கரை வாசகர்

இல்லை. அந்தச் சேனலைப் பார்க்கிறவர்கள், அவர்களிலும் கோபம் வந்து பட்டனை அழுத்தியவர்கள். ஒரு கோடி பேர் ஆனாலும் அப்படித்தான். ஆளும் கட்சி ஆதரவுச் சேனலில் இதே கேள்வியைப் போட்டால் 9% வரும்.

2ஜி வழக்கில் எல்லாரும் விடுதலை ஆகிவிட்டார்கள். அப்படியானால் 1,76,000 கோடி ஊழல் என்று அன்று சொன்னது பொய்யா? எங்கள் டீக்கடையில் இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.
– போச்சம்பள்ளி வாசகர்

ஓயாது, ஏனென்றால் மூன்று தனித்தனி விஷயங்களை ஒரே பெயரில் பேசுகிறீர்கள். 2010 நவம்பரில் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை சொன்னது அனுமான இழப்பு, அதாவது அலைக்கற்றையைக் கூடுதல் விலைக்கு விற்றிருந்தால் அரசுக்கு வந்திருக்கக் கூடிய தொகை. அதுவும் ஒரே எண் இல்லை. கணக்கிடும் வழியைப் பொறுத்து 57,666 கோடியிலிருந்து 1,76,645 கோடி வரை நான்கு எண்கள். பெரியது மட்டும் சுவரொட்டிக்குப் போனது. யாரோ ஒருவர் பையில் அவ்வளவு பணம் போனது என்று அந்த அறிக்கை எங்கேயும் சொல்லவில்லை. சி.பி.ஐ. தன் குற்றப்பத்திரிகையில் சொன்ன இழப்பு 30,984 கோடி.

இரண்டாவது, 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 122 தொலைபேசிச் சேவை உரிமங்களை ரத்து செய்தது. ஒதுக்கிய முறை தப்பு என்ற தீர்ப்பு அது. யார் லஞ்சம் வாங்கினார் என்பதைப் பற்றியது அல்ல. மூன்றாவது, கிரிமினல் வழக்கு. 2017 டிசம்பர் 21 அன்று சிறப்பு நீதிமன்றம் அரசுத் தரப்பு குற்றத்தை நிரூபிக்கவில்லை என்று அத்தனை பேரையும் விடுவித்தது. சி.பி.ஐ.யின் மேல்முறையீட்டை தில்லி உயர் நீதிமன்றம் 2024-ல் விசாரணைக்கு ஏற்றது. உரிமம் ரத்தானதும் நிஜம், விடுதலையானதும் நிஜம். டீக்கடையில் இரண்டு கட்சிக்காரர்களும் தங்களுக்குப் பிடித்த தேதியை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

கணிப்புக்காரர்களுக்கு இதில் ஒரு பாடம். குற்றச்சாட்டு பல மாதங்கள் முதல் பக்கத்தில் ஓடும். தீர்ப்பு ஒரு நாள் வரும். எனவே மக்கள் கருத்து குற்றச்சாட்டின் தேதியோடு ஒட்டியிருக்கும். கேள்வி கேட்ட மாதத்தைப் போடாமல் சதவீதத்தை மட்டும் போடும் செய்தியை ஒதுக்கிவிடுங்கள்.

பிரதமர் வீடு கட்டும் திட்டத்தில் தளம் போட்டதும் போட்டோ எடுக்க ஓவர்சியர் பணம் கேட்கிறார். மத்திய அரசுத் திட்டம், அதனால் சி.பி.ஐ.க்குத்தான் போக வேண்டும் என்கிறார்கள். சரியா?
– பாப்பிரெட்டிப்பட்டி வாசகர்

பணம் யாருடையது என்று பார்க்காதீர்கள், கை யாருடையது என்று பாருங்கள். அந்தத் திட்டத்தில் மத்திய – மாநிலப் பங்கு 60:40. நடத்துவது ஊராட்சி ஒன்றிய அலுவலகம், மாநில அரசு ஊழியர்கள். ஆகவே மாநில லஞ்ச ஒழிப்புத் துறை. இலவச எண் 1064. மாவட்டத் தலைநகரில் அலுவலகமும் இருக்கிறது. தவணைப் பணம் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வருவதால் அதில் யாரும் கை வைக்க முடியாது. அதனால்தான் அடித்தளம், லிண்டல், கூரை என்று ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ ஏற்றுவதற்கு முன்னால் கேட்கிறார்கள். அடைப்பு அந்த இடத்தில் இருக்கிறது.

ரயில்வே, தபால், பி.எஃப்., வருமான வரி, பாஸ்போர்ட், தேசிய நெடுஞ்சாலை ஆணையம், பொதுத்துறை வங்கி என்றால் சென்னையில் இருக்கும் சி.பி.ஐ. லஞ்ச ஒழிப்புப் பிரிவு, அல்லது அந்தத் துறையின் தலைமை விஜிலென்ஸ் அதிகாரி. தமிழ்நாடு அரசு 2023 ஜூனில் சி.பி.ஐ.க்கான பொது ஒப்புதலை (ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகக் கேட்காமல் விசாரிக்கும் அனுமதியை)த் திரும்பப் பெற்றதால் அவர்களுக்கு நடைமுறை கொஞ்சம் சுற்றுவழி. மாநிலப் போலீஸ் மத்திய ஊழியரைத் தொட முடியாது என்று நினைக்க வேண்டாம். 2023 டிசம்பரில் திண்டுக்கல்லில் அமலாக்கத் துறை அதிகாரி ஒருவரை லஞ்சப் புகாரில் கைது செய்தது மாநில லஞ்ச ஒழிப்புத் துறைதான்.

இனி முக்கியமானது. 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி, 7 ஆண்டு வரை சிறை. நிர்ப்பந்தத்தால் கொடுத்துவிட்டால் 7 நாளுக்குள் புகார் சொல்லிவிட வேண்டும், சொன்னால் தப்பலாம். கொடுப்பதற்கு முன்பே போவது உத்தமம்.

முன்பே போனால் நடப்பது இது: எழுத்துப் புகார் வாங்கி வழக்குப் பதிவு செய்வார்கள். நோட்டு எண்களைக் குறித்துக்கொண்டு, நோட்டுகளில் பினாப்தலீன் பொடி தடவுவார்கள். வேறு துறையைச் சேர்ந்த இரண்டு அரசு ஊழியர்கள் சாட்சி. வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் கழுவினால் தண்ணீர் ரோஸ் நிறமாகும். பணத்தைப் புகார்தாரரே கொண்டுவருவது வழக்கம்; திரும்பப் பெற வழி உண்டு.

இது எங்கே தோற்கும் என்றால் வாயில்தான். அவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே 'இந்தாங்க சார்' என்று நீட்டிவிட்டால் கேஸ் பலவீனம். கேட்டதும் நிரூபணமாக வேண்டும், வாங்கியதும் நிரூபணமாக வேண்டும். பேசாமல் நில்லுங்கள், அவர் கேட்கட்டும். புகார்தாரர் பின்னால் பல்டி அடித்தாலோ இறந்துபோனாலோ, சூழ்நிலைச் சாட்சியத்தை வைத்தே கேட்டதை நிரூபிக்கலாம் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. போனில் பதிவு செய்திருந்தால் வெட்டி ஒட்டாதீர்கள். வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் அனுப்பாதீர்கள். அந்தப் போனையே பத்திரமாக வையுங்கள். மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் கேட்பார்கள்.

எங்கள் எம்.பி.க்கு வருஷம் 5 கோடி வருகிறதாம். எங்கள் தெருவில் போட்ட சிமென்ட் ரோடு ஒரு மழைக்கே பெயர்ந்துவிட்டது. பணம் எங்கே போனது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– அரூர் வாசகர்

எம்.பி. கைக்கு அந்தப் பணம் வராது. அவர் பரிந்துரைப்பார், ஒப்புதல் தந்து வேலையை நடத்துவது மாவட்ட நிர்வாகம். 'எம்.பி. தின்றுவிட்டார்' என்று ஆரம்பித்தால் முதல் படியிலேயே வழுக்கிவிடுவீர்கள்.

வெள்ளைத் தாளில் தகவல் உரிமை மனு எழுதுங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி. 'ஏன் தரமில்லை?' என்று கேட்காதீர்கள், ஏன் என்ற கேள்விக்குப் பதில் வராது. ஆவணம் கேளுங்கள்: வேலையின் நிர்வாக அனுமதி ஆணை, எஸ்டிமேட், ஒப்பந்ததாரருக்குக் கொடுத்த தொகை, எம்-புக் (செய்த வேலையின் அளவுகளை எழுதும் புத்தகம்) நகல், நிறைவுச் சான்று. 30 நாளில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

எம்-புக் வந்ததும் டேப்பை எடுங்கள். 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்று எழுதியிருந்தால் காங்கிரீட் 45 கன மீட்டர். பெயர்ந்த ஓரத்தில் அளந்து பாருங்கள். கனம் 10 சென்டிமீட்டர்தான் என்றால் போட்டது 30 கன மீட்டர். மூன்றில் ஒரு பங்கு காணோம். நீளத்திலும் அகலத்திலும் யாரும் ஏமாற்ற மாட்டார்கள், கண்ணுக்குத் தெரியும். கனத்தில்தான் விளையாட்டு. ஒரே இடத்தில் அளக்காமல் ஐந்தாறு இடத்தில் அளந்து, அளவுகோல் தெரியும்படி படம் எடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் 2(ஜெ) பிரிவு வேலையை நேரில் ஆய்வு செய்யவும் சான்றளித்த மாதிரி எடுக்கவும் உங்களுக்கு உரிமை தருகிறது. இதைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு. மனுவிலேயே 'ஆய்வுக்குத் தேதி குறித்துத் தரவும்' என்று ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரிக்கு ஆபீஸில் தனி மரியாதை உண்டு.

எம்.பி., மத்திய அமைச்சர் மேலேயே புகார் என்றால் லோக்பாலுக்கு நாமே எழுதலாமா? தமிழில் எழுதலாமா?
– தேன்கனிக்கோட்டை வாசகர்

இரண்டுக்கும் ஆமாம். 2011-ல் லோக்பால் கேட்டு அவ்வளவு உண்ணாவிரதம், கூட்டம், 2013-ல் சட்டம், முதல் லோக்பால் பதவி ஏற்றது 2019 மார்ச்சில். புகார் படிவமும் விதிகளும் வந்தது 2020-ல். மக்கள் சலித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

குறித்த படிவத்தில், அடையாளச் சான்றோடும் உறுதிமொழிப் பத்திரத்தோடும் தர வேண்டும். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள, தமிழ் உள்ளிட்ட மொழிகளில் எழுதியதையும் ஏற்கலாம் என்று விதி இருக்கிறது. குற்றம் நடந்து 7 ஆண்டு தாண்டியிருக்கக் கூடாது. நாடாளுமன்றத்துக்குள் பேசியது, ஓட்டுப் போட்டது பற்றிப் புகார் கொடுக்க முடியாது. தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தால் ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். டி.வி. விவாதத்தில் கேட்டதை எழுதி அனுப்புவது வீண் வேலை. தேதி, கோப்பு எண், தொகை, யார் கையெழுத்து – இவை இருந்தால் அனுப்புங்கள்.

மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் நடக்கும் முறைகேடு தெரியும். மொட்டைக் கடிதம் போட்டால் நடவடிக்கை எடுப்பார்களா? பெயர் போட்டால் வேலைக்கு ஆபத்து.
– கிருஷ்ணகிரி வாசகர்

மொட்டைக் கடிதத்தை மத்திய விஜிலென்ஸ் ஆணையம் கணக்கில் எடுக்காது. ஆனால் பெயர் வெளியே தெரியாமல் புகார் கொடுக்க 2004-ல் ஒரு தனி ஏற்பாடு வந்தது. 'பிட்பி' (PIDPI) என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மத்திய அரசு, அதன் நிறுவனங்கள், பொதுத்துறை வங்கிகளுக்கு மட்டும் பொருந்தும். மாநில அரசு விவகாரத்தை இதில் அனுப்பினால் நிற்காது.

கடிதத்தை உறையில் போட்டு நன்றாக ஒட்டுங்கள். உறை மேல் 'பிட்பி' என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். பெறுநர்: செயலர், மத்திய விஜிலென்ஸ் ஆணையம், சதர்க்தா பவன், ஐ.என்.ஏ., புது தில்லி 110023. அனுப்புநர் பெயரை உறை மேல் எழுதக் கூடாது. தபால் அலுவலகத்தில் கேட்டால், இந்த வகை உறைக்கு அனுப்புநர் விவரம் வற்புறுத்த வேண்டாம் என்று அவர்களுக்கு உத்தரவு இருப்பதைச் சொல்லுங்கள். உங்கள் பெயரும் முகவரியும் உள்ளே, தனித்தாளில் அல்லது கடிதத்தின் முதலிலோ கடைசியிலோ இருக்கட்டும். அப்போதுதான் அதைப் பிரித்து எடுத்துவிட்டு மீதியை விசாரணைக்கு அனுப்ப முடியும். விவரங்களுக்கு நடுவே 'நான் இந்தப் பிரிவில் கணக்கு பார்க்கிறவன்' என்று உங்களைக் காட்டிக்கொடுக்கும் வரிகளை எழுதிவிட்டு, பிறகு ஆணையத்தைத் திட்டக் கூடாது.

புகார் கிடைத்ததற்கு ரசீது வராது. நீங்கள்தான் எழுதினீர்களா என்று உறுதிப்படுத்தக் கேட்டு உங்களுக்கு ஒரு கடிதம் வரலாம். அதற்குப் பதில் அனுப்பாவிட்டால் விஷயம் அங்கேயே நின்றுவிடும். ஆபீஸ் முகவரியைத் தராமல் வீட்டு முகவரியைத் தருவது நல்லது. அதே புகாரின் நகலை அமைச்சருக்கும் சங்கத்துக்கும் பத்திரிகைக்கும் அனுப்பியிருந்தால் இந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்காது.